வளையத்தில் பட்ட பந்து

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் ஒரு திங்கட்கிழமை காலை. பசறை பஸ் தரிப்பிடத்துக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையில் அமர்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். பணியிலிருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பிய நாள்முதல் இது என் வழக்கம். பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்பதைப் பழைய நண்பர்கள் அறிவார்கள். பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள். ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே, "நெட்போல்லயும் தோத்துட்டாங்களாம்டா, அதுவும் சிங்கப்பூர்கிட்ட" என்றார். மற்றவர் தேநீரை ஊதிக் குடித்துவிட்டு, "அது ஒண்ணுலதான் ஜெயிச்சுக்கிட்டு இருந்தோம், அதுவும் போச்சா?" என்றார். பேச்சு உடனே வேறு விடயத்துக்குத் தாவிவிட்டது.

"தம்பி, ஜெயித்தபோது என்றைக்காவது பார்த்தீர்களா?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்குக் காரணம் இருக்கின்றது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அவர்கள் பேசியது பெங்களூரில் நடைபெற்ற ஆசிய வலைப்பந்தாட்ட சம்பியன்ஷிப் போட்டியைப் பற்றி. நடப்புச் சம்பியனாகச் சென்ற இலங்கை மகளிர் அணி இறுதிப் போட்டியில் சிங்கப்பூரிடம் 67க்கு 64 என்ற கோல் கணக்கில் தோல்வியடைந்தது. மூன்று கோல்கள். வலைப்பந்தாட்டத்தை அறியாதவர்களுக்கு இந்த மூன்றின் அளவு புரியாது. நான்கு கால்பகுதிகளாக அறுபது நிமிடம் ஆடப்படும் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 131 கோல்களைப் போட்டிருக்கின்றன. ஏறத்தாழ இருபத்தேழு விநாடிக்கு ஒன்று. கோல் போட்டது எந்த அணியாயினும், நடு வட்டத்திலிருந்து பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடங்கும் உரிமை இரு அணிகளுக்கும் மாறிமாறியே கிடைக்கும். ஆகவே நன்றாக ஆடும் இரண்டு அணிகள் தத்தமது எறிதலில் தத்தமது கோலைப் போட்டுக்கொண்டே போகும். ஒரு பந்து இடைமறிக்கப்பட்டால், போட வேண்டிய கோல் ஒன்று குறைந்து, எதிரணிக்கு ஒன்று கூடும். ஒரே கைநழுவலில் இரண்டு கோல் வித்தியாசம். அப்படிக் கணக்குப் பார்த்தால் ஓர் ஆசியக் கிண்ணம் போனது, அறுபது நிமிடத்தில் இரண்டு பந்துகள் கைமாறியதால். அதற்குள் "அதுவும் போச்சா?" என்று ஒரு தேநீர்க் கடைத் தீர்ப்பு.

ஆயினும் அந்த இளைஞரின் வார்த்தையில் ஓர் உண்மை இருந்ததை மறுக்க முடியாது. ஆசியாவில் இந்த ஒரு விளையாட்டில் எமது பெண்கள் நீண்ட காலமாகவே முன்வரிசையில் இருந்து வந்திருக்கிறார்கள். 1989, 1997, 2001, 2009, 2018, 2022 என்று ஆறு முறை ஆசியப் பட்டத்தை வென்றவர்கள். 2018இல் சிங்கப்பூர் மண்ணிலேயே சிங்கப்பூரை 69க்கு 50 என்று வீழ்த்தினார்கள். 2022இலும் அதே நகரில், அதே அணியை, 63க்கு 53. அந்த 2022 செப்டெம்பர் 11ஆம் திகதியை வாசகர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பீர்கள். அதே ஞாயிறன்றுதான் துபாயில் எமது ஆண்கள் கிரிக்கெட் அணி பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்று களைத்து, ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடியதையும் பார்த்து முடித்திருந்த சனங்களுக்கு, ஒரே நாளில் இரண்டு கிண்ணங்கள். இரு அணிகளையும் கட்டுநாயக்கவிலிருந்து கொழும்புக்கு ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் எந்த அணியின் படம் பெரியதாக இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அளவுகளைத் தீர்மானிக்கும் நாற்காலியில் நானும் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன். நானாக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

இந்த அணியின் வெற்றிக் காலத்தைப் பற்றிப் பேசும்போது தர்ஜினி சிவலிங்கத்தைத் தவிர்க்க முடியாது. யாழ்ப்பாணத்துப் பெண். உயரம் 208 சென்ரிமீற்றர். பழைய கணக்கில் ஆறடி பத்து அங்குலம். வலைப்பந்தாட்டத்தின் வளையம் பத்தடி உயரத்தில் இருக்கின்றது. கூடைப்பந்தாட்டத்தைப் போல் பின்னால் பலகை இல்லை. தடுப்பவள் மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும். கையில் பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்க முடியாது. கோல் எய்யும் உரிமையும் ஏழு பேரில் இருவருக்கு மட்டுமே உண்டு. இப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தில் அந்த உயரமும், அந்த உயரத்துக்கு அப்பால் அவரிடமிருந்த குறியின் துல்லியமும் என்ன செய்யும் என்பதை 2019 லிவர்பூல் உலகக் கிண்ணம் காட்டியது. இலங்கை அணி பட்டியலின் கடைசிப் பகுதியில் நின்ற அந்தத் தொடரில், நாற்பது வயதையொட்டியிருந்த தர்ஜினி 348 கோல்களைப் போட்டு அத்தனை நாட்டு வீராங்கனைகளையும் முந்தினார். போர் முடிந்த 2009ஆம் ஆண்டில் ஆசியப் பட்டம் வென்ற அணியிலும் அவரே நம்பிக்கை. தமிழ்ப் பெயர் ஒன்றைச் சொல்லவே பலர் தயங்கிய ஒரு காலத்தில், நாடே அந்தப் பெயரைச் சொல்லிக் கைதட்டியது.

2009க்குப் பின் என்ன நடந்தது என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். 2012இலும் 2014இலும் பட்டம் சிங்கப்பூருக்குச் சென்றது, 2016இல் மலேசியாவுக்கு. ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த பின்னர்தான் 2018. அப்போதும் "இனி அவ்வளவுதான்" என்று எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவரையாவது நான் நன்கறிவேன். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். இந்த விளையாட்டு கூடைப்பந்தாட்டத்தின் வயிற்றிலிருந்து பிறந்ததுதான். 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்த கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்துக்கு வந்து, பெண்களுக்கென மாற்றப்பட்டு, எங்கள் பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்தது. அவுஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் 1970 வரை இதை மகளிர் கூடைப்பந்தாட்டம் என்றே அழைத்தார்கள். நாட்டுக்கு நாடு வேறுபட்ட விதிகளை ஒன்றாக்கி, சர்வதேசச் சம்மேளனம் ஒன்றை அமைக்கப் பல நாட்டவர் 1960இல் கூடியது எமது இலங்கையில்தான். இதைச் சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள்.

தாய் விளையாட்டின் சொந்த ஊரிலும் இதே கதைதான். அமெரிக்கப் பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்தாட்டத்தில் கனெக்டிகட் பல்கலைக்கழக அணியைப் போல் ஆதிக்கம் செலுத்திய அணி வேறில்லை. தொடர்ச்சியாக 90 வெற்றிகள் பெற்றிருந்த அவர்களை 2010 டிசெம்பரில் ஸ்டான்ஃபோர்ட் நிறுத்தியது. மீண்டும் எழுந்து, இம்முறை 111 வெற்றிகள். 2017 மார்ச் 31ஆம் திகதி அரையிறுதியில், மேலதிக நேரத்தின் கடைசி நொடியில், மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் மோர்கன் வில்லியம் எய்த பந்து 66க்கு 64 என்று அதை முடித்தது. அந்தப் பெண்ணின் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம்! அடுத்த ஆண்டும் தோல்வியே காணாமல் அரையிறுதி வரை வந்து, அங்கேயே, மீண்டும் கடைசி நொடியில் தோற்றார்கள். 2016இல் வென்ற பட்டத்துக்கு அடுத்தது 2025இல்தான் கிடைத்தது. தென் கரோலினாவின் கதை வேறு விதம். 2023இல் 36 ஆட்டங்களை வென்று, அரையிறுதியில் அயோவாவிடம் 77க்கு 73 என்று வீழ்ந்தது. தொடக்க ஆட்டக்காரிகள் ஐவரும் படிப்பு முடிந்து வெளியேறிவிட்டனர். "இனி எதிர்பார்க்க வேண்டாம்" என்றார்கள். பயிற்றுவிப்பாளர் டோன் ஸ்டேலி புதிய ஐவரோடு வந்து, 38 ஆட்டங்களிலும் வென்று, அதே அயோவாவை இறுதிப் போட்டியில் தோற்கடித்தார். ஒரு பட்டத்துக்குப் பின் அடுத்ததற்காக ஒன்பது ஆண்டு காத்திருந்தவர்களும் உண்டு. ஓராண்டில் மீண்டவர்களும் உண்டு. எந்த அணி எந்த வழியில் போகும் என்பதைத் தோற்ற மறுநாள் காலையில் யாராலும் சொல்ல முடியாது. சொல்பவர்கள் பத்தி நிரப்புகிறார்கள்.

இனி நான் அந்த இளைஞர்களிடம் வாய் திறக்காததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

1986ஆம் ஆண்டு. அப்போது நான் கொழும்புத் தமிழ் நாளிதழ் ஒன்றின் பசறைப் பிரதேச நிருபர். சம்பளம் கிடையாது, பிரசுரமாகும் செய்தியை அங்குலத்தால் அளந்து சன்மானம் தருவார்கள். பசறைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாடசாலை. பெயர் வேண்டாம். எழுபதுகளில் அரசாங்கம் பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகளில் ஒன்று. ஒரே நீளமான கட்டடம், தகரக் கூரை, மழை பெய்தால் ஆசிரியரின் குரல் கேட்காது. அந்தப் பாடசாலையின் மாணவியர் வலைப்பந்தாட்ட அணி மூன்று ஆண்டுகளாக எங்கள் பகுதியில் எவரிடமும் தோற்கவில்லை.

காரணம் விசித்திரமானது. தோட்டத்தில் மைதானம் கிடையாது. சமதரை என்று ஒன்று உண்டென்றால் அது காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களம்தான். கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் அந்தக் களத்தில், தொழிற்சாலைப் பட்டறையில் யாரோ ஒட்டிக் கொடுத்த இரும்பு வளையங்களை இரண்டு குழாய்களில் நட்டு ஆடினார்கள். களத்தின் ஒரு பக்கம் மண் வெட்டிய சுவர். மறு பக்கம் சரிவு. பந்தை நீளமாக எறிந்து, அது பிடிபடாமல் போனால், தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு கீழே ஓடை வரை போய்விடும். போய் எடுத்து வரக் கால்மணி நேரம். இருந்ததோ ஒரே பந்து. ஆகவே அந்தச் சிறுமிகள் நீளமாக எறிவதேயில்லை. கைக்குக் கை, நெஞ்சுக்கு நெஞ்சு, இரண்டடி மூன்றடி தூரத்தில் மின்னலாகப் பந்தை மாற்றிக்கொள்வார்கள். வெறுங்கால். நகரப் பாடசாலைக் குழந்தைகள் பந்து எங்கே இருக்கின்றது என்று தேடி முடிப்பதற்குள் அது வளையத்துக்குக் கீழே போய்ச் சேர்ந்துவிடும். அங்கே நிற்பவள் ஒரு பதினைந்து வயதுச் சிறுமி. கோல் எய்வது அவள்தான். உயரம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் அவள் கையை விட்டுப் போன பந்து வளையத்துக்குள் விழும் சத்தம் கேட்டால்தான், பக்கத்து லயத்துக் கிழவர்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மூன்று ஆண்டுகள் என்றேன். 1983, 84, 85. அந்த ஆண்டுகள் என்னவென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 83 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தது. பதுளைக்குப் போய்ச் சாமான் வாங்கவே அஞ்சிய சனங்கள், தங்கள் பெண்பிள்ளைகள் அதே பதுளைக்குப் போய், வென்று, கிண்ணத்தோடு லொறியில் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வருவதைப் பார்த்தார்கள். அந்த அணியின் இரண்டு மாணவிகள் 1984இன் தொடக்கத்தில் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். எஞ்சியவர்களில் பலருக்கு, கோல் எய்யும் அந்தச் சிறுமிக்கும் சேர்த்து, எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை. நாடற்றவர்கள் என்று கோவைகளில் எழுதப்பட்டிருந்த வீடுகளின் பிள்ளைகள் தோற்காமல் இருந்தார்கள். அந்தச் செய்திகளை நான் மகிழ்ச்சியோடு எழுதினேன். என் பங்குக்கு எண்ணெய் ஊற்றினேன். "வெல்லவே முடியாத அணி" என்ற தலைப்பு என்னுடையது. அதை வெட்டித் தோட்டத்து மாரியம்மன் கோவில் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒரு வலைப்பந்தாட்ட அணியிடம் இத்தனையையும் ஒப்படைக்கலாமா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

1986இன் இறுதிப் போட்டியும் பதுளையில்தான். நான் போகவில்லை. காலையிலிருந்து அடை மழை. பஸ் கட்டணமும் மிச்சம். போய்ப் பார்த்தாலும் முடிவு தெரிந்ததுதானே என்ற நினைப்பு. அது மட்டுமல்ல. இதை இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை. வெற்றிச் செய்தியை முதல் நாள் இரவே எழுதி முடித்துவிட்டேன். "நான்காவது முறையாகவும்" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். கோல் எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தேன்.

மாலையில் பதுளையிலிருந்து ஓர் அறிமுகக்காரர் பசறைத் தபாலகத்துக்கு அழைப்பெடுத்தார். ஒரு கோலால் தோற்றுவிட்டார்கள் என்றார். கடைசி விநாடியில் சமநிலைப்படுத்தக் கிடைத்த வாய்ப்பை அந்தப் பிள்ளை தவறவிட்டுவிட்டது என்றார். "பந்து வளையத்துக்குக் கிட்டேயும் போகவில்லையாம்." அந்த 'ஆம்' என் காதில் விழுந்தது. விழாதது போல் இருந்துவிட்டேன். அவரும் கடைசி நேரத்தில் மைதானத்தில் இல்லை. வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றிருக்கிறார். கொழும்புக்குச் செய்தி சொல்ல அரை மணி நேரமே இருந்தது. எழுதி வைத்திருந்ததை அப்படியே தலைகீழாக்கினேன். "வெல்ல முடியாத அணிக்கு அதிர்ச்சித் தோல்வி" என்று தலைப்பு. உள்ளே ஒரு வாக்கியம்: கோல் எய்யும் மாணவி பதற்றத்தில் எறிந்த இறுதிப் பந்து வளையத்தைத் தொடவே இல்லை. பெயரும் போட்டிருந்தேன். ட்ரங்க் கோலில் அதை உரக்க வாசித்தபோது, தபாலகத்தில் நின்றவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. வெற்றிச் செய்திக்கு மூன்று அங்குலம் கிடைக்கும். இதற்கு ஐந்து கிடைத்தது.

அணி அன்று இரவு திரும்பியபோது லொறியில் பாட்டு இல்லை. வழக்கமாகத் தோட்டத்து வாசலில் தேநீரும் பனிசும் வைத்துக் காத்திருப்பவர்கள் அன்று வீடுகளுக்குள் இருந்துவிட்டார்களாம். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். பெயர் அச்சான பத்திரிகை மறுநாள் தோட்டத்துக்கு வந்தது. அந்தச் சிறுமி பிறகு பிரட்டுக்களத்துப் பக்கம் பந்தோடு வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அடுத்த தவணையில் பாடசாலைக்கும் வரவில்லை. வயது வந்ததும் பெயர் பதிந்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். நான் எழுதிய வாக்கியத்தால்தான் என்று சொன்னால், அது என் எழுத்துக்கு நானே கொடுக்கும் அளவுக்கு மீறிய மரியாதை. அந்தக் காலத்தில் எங்கள் தோட்டங்களில் பத்தாம் வகுப்புக்கு முன் பெண்பிள்ளைகள் படிப்பை விடுவதற்கு ஒரு பத்திரிகைச் செய்தி தேவைப்படவில்லை. ஆனாலும் அந்த ஐந்து அங்குலம் எனக்குள் கிடந்தது.

பின்னர் நான் கொழும்புக்குப் போனேன், ஆசிரியபீடத்தில் சேர்ந்தேன், ஆயிரக்கணக்கான தோல்விகளுக்குத் தலைப்பிட்டேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம், "பார்க்காததை எழுதாதே" என்று கண்டிப்பாகச் சொல்வேன். மிகவும் கறாரான மனிதர் என்று பெயரெடுத்தேன். அந்தக் கறார் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பெங்களூர்த் தோல்விக்கு இரண்டு வாரம் கழித்து, பசறை பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெண்மணி என்னை உற்றுப் பார்த்தார். ஐம்பது கடந்த வயது. கையில் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பியும் மாத்திரைப் பையும். "பேப்பர் அண்ணேதானே?" என்றார். முப்பத்தெட்டு ஆண்டுகளாக என்னை அப்படி யாரும் அழைத்ததில்லை. குரலில் அடையாளம் தெரியவில்லை. ஊர் பெயரைச் சொன்னதும் எனக்குக் கால் தளர்ந்தது.

சுகம் விசாரித்தேன். இன்னமும் மலைக்குப் போகிறார். முழங்கால் வலிக்காக மாதமொருமுறை கிளினிக். மகன் கொழும்பில் ஒரு கடையில். மகளின் மகள் பாடசாலையில் நெட்போல் ஆடுகிறாளாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. "தங்கச்சி, அன்றைக்கு நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. பெயர் போட்டிருக்கக் கூடாது" என்றேன்.

"பேரு போட்டதுல என்னண்ணே இருக்கு? ஜெயிச்சப்பவும் போட்டீங்கதானே. தோத்தது தோத்ததுதான்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஆனா பந்து வளையத்துல படவே இல்லன்னு போட்டிருந்தீங்க. பட்டுச்சுண்ணே. வளையத்துல பட்டு, ரெண்டு சுத்து சுத்தி, வெளிய விழுந்துச்சு."

நான் என்ன சொல்வது?

"எங்கப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. கங்காணி வீட்டுல இருந்து பேப்பரை வாங்கிக்கிட்டு வந்து, என்னையத்தான் வாசிக்கச் சொன்னாரு. நானும் வாசிச்சேன். படவே இல்லையாம்மான்னு கேட்டாரு. பட்டுச்சுப்பான்னேன். பேப்பர்ல அப்பறம் பொய்யாவா போடுவாங்கன்னாரு. சாகிற வரைக்கும் அவரு நம்பல."

படிப்பை விட்டதைப் பற்றி நானே கேட்டேன். அதற்கும் செய்திக்கும் சம்பந்தமில்லை என்று உடனே சொன்னார். தாயாருக்கு முடியாமல் போய்விட்டது. கீழே இரண்டு தங்கைகள். வீட்டில் ஒருத்தி நிற்க வேண்டியிருந்தது. எனக்கு ஆறுதல் சொல்வதற்காக அப்படிச் சொன்னாரா, உண்மையே அதுதானா, என்னால் பிரித்தறிய முடியவில்லை.

பேச்சை மாற்ற நினைத்து, பெங்களூர்ப் போட்டியைப் பற்றிச் சொன்னேன். மூன்றே கோல்தான் வித்தியாசம், இரண்டு பந்து கைமாறியிருந்தால் கிண்ணம் எங்களுக்கு என்று, மேலே உங்களுக்குச் சொன்ன கணக்கையெல்லாம் அவருக்கும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பாதியில் ஒரு கேள்வி: "கடைசி பந்து யாருண்ணே அடிச்சா?"

எனக்குத் தெரியாது. "நீங்க அந்த மெச் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் சிரித்தார். ஏளனமாக அல்ல, ஒரு பழைய சிநேகிதரைப் பார்த்துச் சிரிப்பதைப் போல. தேநீர்க் கடை இளைஞர்களிடம் நான் ஏன் வாய் திறக்கவில்லை என்பதை வாசகர்கள் இப்போது விளங்கிக்கொண்டிருப்பீர்கள். பெங்களூரில் தோற்ற பெண்களில் ஒருத்தியின் முகத்தைக்கூட நான் அன்று பார்த்திருக்கவில்லை. எண்ணிக்கையைத்தான் பார்த்தேன்.

பேத்தியின் அணி எப்படி என்று விசாரித்தேன். போன வருடம் முதலிடமாம். இந்த வருடம் இரண்டாவது சுற்றிலேயே தோற்றுவிட்டார்களாம். "அழுதுக்கிட்டு வந்தா. சோறு போட்டுக் குடுத்தேன். திரும்ப எப்ப பிராக்டிஸ்னு கேட்டேன். வேற என்னண்ணே கேக்கிறது?" என்றார். நமுனுகலை பஸ் வந்து நின்றது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி, சன்னலோரம் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்தார்.

பழைய பத்திரிகைக் கட்டுகளில் அந்தச் செய்தியைத் தேடி எடுத்தேன். அந்த வாக்கியம் அவர் சொன்னபடியே இருந்தது. அக்காலத்தில் திருத்தம் போடுவதென்றால் மூன்றாம் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், ஓர் அங்குலம் ஒதுக்குவார்கள். அதற்குச் சன்மானம் கிடையாது. அந்த ஓரங்குலத்தை இங்கே எழுதுகிறேன்.

திருத்தம்: 1986ஆம் ஆண்டு பதுளையில் நடைபெற்ற பாடசாலை மாணவியர் வலைப்பந்தாட்ட இறுதிப் போட்டி பற்றிய செய்தியில், இறுதிப் பந்து வளையத்தைத் தொடவே இல்லை என்று எமது பசறை நிருபர் குறிப்பிட்டிருந்தார். நிருபர் போட்டிக்குச் செல்லவில்லை. பந்து வளையத்தில் பட்டது; இரண்டு முறை சுற்றிய பின்னர் வெளியே விழுந்தது.